பூ அலங்காரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன்: குடியிருப்போர் நலச் சங்க விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி, புரட்டாசி, ஐப்பசியில் கொலு, ஆயுத பூஜை, தீபாவளி, பிறகு கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். இந்த ஐந்து மாதமும் உங்களுக்கு வசூல் நோட்டும் கையுமாகவே கழியும். லாபிக்கு என்ன பூ, மேடைக்கு என்ன தோரணம், எத்தனை சரம் சீரியல் விளக்கு என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். அந்த முடிவில் சில மாற்றங்களைக் கேட்டு இதை எழுதுகிறோம். நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்ப்பவர்களும், வீட்டிலும் தெருவிலும் அவற்றைப் பராமரிப்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பூனை வளர்ப்பவர் தன் வீட்டுக்குள் லில்லிப்பூவை வாங்கி வைக்காமல் இருந்துவிடலாம். லிஃப்ட் வாசலில் சங்கம் வைத்த ஜாடியை அவரால் என்ன செய்ய முடியும்? விழா முடிந்ததும், வீணாகப் போகிறதே என்று மேடைப் பூவைப் பிரித்து வீட்டுக்கு ஒரு கொத்தாகக் கொடுத்தனுப்புவீர்கள். நல்ல மனதோடு கொடுப்பதுதான். ஆனால் லில்லி பூனை இருக்கும் வீட்டுக்குள் போவது பெரும்பாலும் அந்த வழியில்தான். வளாகத்துக்குள் திரியும் தெருநாய்களையும் மறக்க வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், அவற்றுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கங்களிடமும் ஒப்படைத்திருக்கின்றன. சோறு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விஷப்பூவையும் போட்டு வைத்தால் அந்த ஏற்பாட்டுக்குப் பொருளில்லை.

முதலில் லில்லி. மற்ற எதையும் மாற்ற முடியாவிட்டாலும் இதை மட்டும் மாற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம்.

பூக்கடைக்காரர்கள் ஏஷியாட்டிக், ஓரியண்டல் என்று சொல்லும் இரண்டு வகை லில்லியும் பூனைக்கு உயிர்க்கொல்லி. நீலகிரியின் பசுமைக்குடில்களில் விளைந்து வரும் பெரிய பூக்கள் இவை. இதழ், இலை, தண்டு, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே விஷம். பூவுக்குள் பார்த்தால் ஆறு நீளக் காம்புகளின் நுனியில் துருநிறப் பொடி நிற்கும். தொட்டால் விரலில் ஒட்டி, சட்டையில் பட்டால் கறையாகும் அந்தப் பொடிதான் மகரந்தம். பூனை ஜாடியை உரசிக்கொண்டு நடந்தாலே அது முதுகு ரோமத்தில் அப்பிக்கொள்ளும். பிறகு பூனை வழக்கம்போல் உடலை நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள் போய்விடும். பூவைக் கடிக்கவே வேண்டியதில்லை. கறை படியாமலிருக்க அலங்காரக்காரர்கள் அந்த நுனிகளைக் கிள்ளிவிடுவது உண்டு. அதனால் ஆபத்து குறைகிறதே தவிர நீங்குவதில்லை. ஓர் இலையின் துணுக்கு போதும்.

விஷம் தாக்குவது சிறுநீரகத்தை. முதல் 12 மணி நேரத்துக்குள் பூனை வாந்தி எடுக்கும், எச்சில் வடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும். பிறகு வாந்தி நின்று, தேறிவிட்டது போலத் தெரியும். இந்த இடைவெளியை நம்பித்தான் பலர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டே இருக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அது முழுதாகச் செயலிழந்து, சிறுநீர் வருவதே நின்றுவிடும். அதன் பிறகு மீட்பது மிகக் கடினம். 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் விடாமல் கொடுத்தால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடுகின்றன. எந்த வேதிப்பொருள் இதைச் செய்கிறது என்பது இன்னும் கண்டறியப்படவில்லை. ஆகவே மாற்று மருந்தும் கிடையாது. நாய் அதே பூவைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். 'எங்கள் நாய் தின்றதே, ஒன்றும் ஆகவில்லையே' என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பூனைக்கு அது பொருந்தாது.

பெயரில் லில்லி இருப்பதெல்லாம் இப்படி இல்லை. லாபித் தொட்டிகளில் வளரும் பீஸ் லில்லி, கூம்பாகச் சுருண்டிருக்கும் காலா லில்லி ஆகியவை சிறுநீரகத்தைத் தொடுவதில்லை. அவற்றின் இலையில் ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், நாக்கு வீங்கும். மணிபிளாண்ட், டிஃபன்பேக்கியா இரண்டும் அதே ரகம். இவற்றைத் தரையிலிருந்து உயரத்துக்கு மாற்றினால் போதும். பெரிய லில்லியை உயரத்தில் வைத்துப் பயனில்லை. பூனை எட்டாத உயரம் என்று எதுவும் கிடையாது, மகரந்தமும் கீழேதான் உதிரும்.

அடுத்தது அரளி. இதைப் பற்றிப் பேசுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை. பூஜையைக் குறை சொல்லவில்லை. ஆயுத பூஜைக்குச் செவ்வரளி மாலை இல்லாமல் ஒரு வண்டியோ இயந்திரமோ நிற்பதில்லை. கவலைப்பட வேண்டியது பூஜைக்கு மறுநாளைப் பற்றி. பைக்கின் ஹேண்டில்பாரிலும் ஜெனரேட்டர் அறை வாசலிலும் மாலை அப்படியே தொங்கிக் காயும். அறுந்து கீழே விழும். காருக்கு அடியில் படுத்திருக்கும் குட்டி நாய்க்கு அது இழுத்து விளையாடக் கிடைத்த கயிறு. அரளியின் நஞ்சு காய்ந்தாலும் போவதில்லை. இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் உப்புச் சமநிலையை அது குலைத்துவிடும். முதலில் வாந்தியும் கழிச்சலும் வரும். பிறகு துடிப்பு மந்தமாகி, தாறுமாறாகி, சில மணி நேரத்தில் நின்றும் போகலாம். ஈரக் குப்பையோடு சேர்த்து மாட்டுக்குப் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். ஒரு கைப்பிடி அரளி இலை வளர்ந்த மாட்டையே சாய்த்துவிடும். 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. கோயில் நிர்வாகங்களே யோசிக்கத் தொடங்கியிருக்கும் விஷயம் இது.

அரளியில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் லாபியில் வைக்கும் உருளி. தண்ணீர் நிரப்பி, பூவிதழ்களை வட்டமாக அடுக்கி, நடுவில் அகல் மிதக்க விடுவது பார்க்க அழகு. ஆனால் அது தரையில் இருக்கும் தண்ணீர்ப் பாத்திரம். நடைக்குப் போய்த் திரும்பும் நாய் நேராக அதில்தான் வாய் வைக்கும். அரளி ஊறிய தண்ணீரிலும் நஞ்சு இறங்கும். உருளிக்கு ரோஜா இதழும் மல்லிகையும் போதும். செண்டுமல்லி சேர்ந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. அகலை மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் வையுங்கள், வாலில் தீப்பற்றுவது பூனைக்கு நடக்கக்கூடியதே.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் எருக்கம்பூ மாலை, அர்ச்சனைக்கு வைத்த ஊமத்தை, அரளி இலைகள் எல்லாம் ஒரே குவியலாகச் சேரும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். ஊமத்தைக் காயைத் தின்ற நாய்க்குக் கண்மணி விரியும், இதயம் படபடக்கும், நிலை தெரியாமல் முட்டி மோதும். நிர்மால்யத்தை மூடியுள்ள டிரம்மில் போட்டு அன்று இரவே கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்தது.

மூன்றாவது, பலர் கேள்விப்படாதது: சைக்கஸ். சாகோ பாம் என்றும் சொல்வார்கள். மேடைப் பின்னணியில் விசிறி விரித்ததுபோல் செருகப்படும் கரும்பச்சை ஓலைகள் பல சமயம் இதனுடையவை. வாடகைக்கு வரும் தொட்டிச் செடிகளிலும் இருக்கும், உங்கள் நுழைவாயில் புல்தரையிலேயே நிரந்தரமாக நட்டும் இருக்கலாம். நடுக்காம்பின் இருபுறமும் ஊசிநுனியுள்ள குறுகிய இலைகள் விறைத்து நிற்கும், தண்டு குட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். பெண் மரத்தின் நடுவில் செம்மஞ்சள் விதைகள் வரும். ஒன்றிரண்டு விதையே ஒரு நாயைக் கொல்லும். இலையும் வேரும் அதே நஞ்சு. ஒரு நாளுக்குள் வாந்தி. இரண்டு மூன்று நாளில் கல்லீரல் பழுதாகி ஈறு, கண் எல்லாம் மஞ்சளாகும், ரத்தம் உறையாமல் போகும். தீவிர சிகிச்சை கொடுத்தும் பல நாய்கள் பிழைப்பதில்லை. இதற்குப் பதில் அரிக்கா பாம் கேளுங்கள், அல்லது தென்னங்குருத்து. இரண்டும் பாதுகாப்பானவை. நிரந்தரமாக நட்ட சைக்கஸை எடுக்க மனமில்லை என்றால், விதை முற்றும் முன் நடுப்பகுதியைத் தோட்டக்காரர் வெட்டிவிட வேண்டும், சுற்றி வேலியும் வேண்டும்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் சிவப்பு இலைகளோடு வரும் பாயின்செட்டியாவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் மிகையானது. 1919-இல் ஹவாயில் ஒரு குழந்தை அதன் இலையைத் தின்று இறந்ததாகப் பரவிய தகவலிலிருந்து கிளம்பியது அது. பிறகு அந்தத் தகவல் நிலைக்கவில்லை. அதன் பால் பட்டால் வாய் எரிச்சல், கொஞ்சம் வாந்தி, அவ்வளவுதான். பாயின்செட்டியாவை விலக்கிவிட்டு அதே இடத்தில் வெள்ளை லில்லியை வைப்பதுதான் எங்களைப் பதறவைக்கிறது.

செடிகளை விட்டு அலங்காரப் பொருள்களுக்கு வருவோம். மரத்தில் சுற்றும் பளபளக்கும் ஜிகினாச் சரம் பூனைக்கு விளையாட்டு. அசைகிறது, மின்னுகிறது, பல்லில் சிக்குகிறது. பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் வாய்க்குள் போனதை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். சரத்தின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ மாட்டிக்கொள்ளும், மறுமுனையைக் குடல் உள்ளே இழுத்துக்கொண்டே போகும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாகக் கூடுமே, குடல் அப்படிக் கூடிப்போகும். இறுகிய சரம் மடிப்புகளின் உட்புறத்தை அறுத்து ஓட்டை போட்டுவிடும். அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை. வாயிலோ ஆசனவாயிலோ நுனி தெரிகிறது என்று இழுக்கவே கூடாது, இழுத்தால் அந்தக் கணமே குடல் அறுபடும். பலூனில் கட்டும் சுருள் ரிப்பன், மாலை கட்டும் நைலான் நூல் இவற்றாலும் இதேதான் நடக்கும். காகிதத் தோரணம், துணிக் கொடி, குருத்தோலைத் தோரணம், பனையோலைக் கிளி என்று நம்மிடமே அழகான மாற்று எத்தனையோ இருக்கிறது. பூவை வாழைநாரில் கட்டச் சொன்னால் பூக்காரர் மறுக்க மாட்டார்.

ஜாடிக்கு அடியில் வைக்கும் பச்சைப் பஞ்சுக்கட்டியை, அலங்காரக்காரர்கள் ஓயாசிஸ் என்பதை, விழா முடிந்ததும் தரையில் விட்டுவிடாதீர்கள். நாய் கடித்துப் பிய்த்து விழுங்கினால் குடல் அடைபடலாம். குண்டூசியும் கட்டுக்கம்பியும் அதற்குள்ளேயே செருகி நிற்கும்.

சீரியல் விளக்கு ஒயரைக் கடிக்கும் வயது குட்டிகளுக்கு உண்டு. வாய் கருகுவது கண்ணுக்குத் தெரியும். அதைவிடக் கெட்டது, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவது. ஷாக் அடித்த நாய் எழுந்து நடந்தாலும் ஒரு நாள் முழுதும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஒயர்களைப் பிவிசி குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். பொதுப் பகுதி மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சான ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டு, விளக்கு போடும் நாளன்று அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். யாராவது ஒயரில் மாட்டிய நாயைக் கண்டால் முதலில் ஸ்விட்ச், பிறகுதான் நாய்.

பிளாஸ்டிக் அகல், சிறு கொத்து விளக்கு இவற்றுக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் ஈரமான திசுவோடு சேர்ந்து மின்னோட்டம் உண்டாகி, அந்த இடம் காரத்தால் வெந்துபோகும். கால் மணி நேரத்திலேயே புண் தொடங்கும், இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் ஓட்டையாகலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏறி வரும் வழியில் மறுபடி மாட்டும். நேராக எக்ஸ்ரே இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாங்கும்போதே பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மார்கழிக் கோலப் போட்டிக்கு வண்ணம் கலந்த உப்பைப் பயன்படுத்துவது பல வளாகங்களில் வழக்கம். உப்பு நாய்க்கு நாவூறும் பொருள். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பு உள்ளே போனால் நஞ்சின் அறிகுறிகள் தெரியும், 4 கிராம் உயிரையே பறிக்கலாம். 5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 கிராம் என்பது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். தாகம், வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று போகும். பச்சரிசி மாவிலேயே கோலம் போடச் சொல்லலாம். உப்புக் கோலம்தான் என்றால், பரிசு கொடுத்து முடித்த கையோடு பெருக்கி அள்ளிவிட வேண்டும்.

பிரசாதம் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரைப் பொங்கலிலும் கேக்கிலும் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, இவ்வளவு வரை பாதுகாப்பு என்று அளவு கிடையாது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. புளியிலும் அதுதான் இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே மிஞ்சிய பொங்கலும் புளியோதரையும் தெருநாய்க்கு வேண்டாம். வெறும் தயிர்சோறு, அதுவும் வெங்காயம் இல்லாமல், போதும்.

எத்தனை கவனமாக இருந்தாலும் ஏதாவது நடக்கலாம். அதற்கு லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டுங்கள். இரவிலும் திறந்திருக்கும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையின் எண் அதில் பெரிதாக இருக்கட்டும், விழா நாளில் திறந்திருப்பார்களா என்று முந்தின வாரமே கேட்டு எழுதுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் சேர்த்துக்கொள்ளலாம். அறிகுறி தெரியும் வரை காத்திருக்கக் கூடாது என்பதை எழுதுங்கள். தின்ற செடியின் மிச்சத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போக வேண்டும், எத்தனை மணிக்குத் தின்றது என்பதைச் சொல்ல வேண்டும். ரோமத்தில் லில்லி மகரந்தம் பட்டிருந்தால் பூனையைத் துண்டில் சுற்றி நக்கவிடாமல் பிடித்து, பொடியைக் காய்ந்த துணியால் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தைக் கழுவி, உடனே கிளம்ப வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடவே கூடாது, மேலே சொன்ன உப்பு நஞ்சு அதனாலேயே வந்துவிடும். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே கொல்லும்.

இவ்வளவையும் உங்கள் குழுவின் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அலங்காரக்காரருக்குக் கொடுக்கும் ஆர்டர் தாளில் இந்த வரிகள் இருந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும்: 'எந்த நிறத்திலும் லில்லி வேண்டாம். சைக்கஸ் ஓலையோ தொட்டியோ வேண்டாம். அரளி பூஜை மேடையில் மட்டும். தரையில் வைக்கும் பாத்திரங்களில் ரோஜா, மல்லிகை, ஜெர்பரா, ஆர்க்கிட் மட்டும். ஜிகினாச் சரமும் சுருள் ரிப்பனும் வேண்டாம். ஓயாசிஸ், கம்பி, குண்டூசி அனைத்தையும் கழற்றி எடுத்துப் போவது உங்கள் பொறுப்பு.' லில்லிக்குப் பதில் ஜெர்பராவும் ரோஜாவும் வந்தால் செலவு கூடாது, குறையவே செய்யும்.

இதை வாயால் சொன்னால் நிற்காது. பூ எடுப்பவர் முதல் நாள் நள்ளிரவில் கோயம்பேட்டில் என்ன மலிவாகக் கிடைக்கிறதோ அதை அள்ளி வருவார், சொன்னது வேறு ஆளிடமாக இருக்கும். ஆகவே எழுத்தில் கொடுங்கள். வண்டி வந்து இறக்கும்போது குழுவில் ஒருவர் டார்ச்சோடு பக்கத்தில் நின்று கட்டுகளைப் பார்க்கட்டும். லில்லி மொட்டாக வந்தால் பச்சை விரல் நீளத்தில், தண்டு நெடுக இலையோடு இருக்கும், மலராததால் எளிதில் கண்ணுக்குத் தப்பும். இருந்தால் அந்தக் கட்டை அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
செல்லப்பிராணிகளுக்கும் தெரு விலங்குகளுக்கும் மருத்துவம் பார்ப்போரும் பராமரிப்போரும்